‘நவ்’ என்ற சொல்லும் கணக்கில் வராத நேயர்களும்

ஆங்கிலத்தில் ‘நவ்’ என்பது ஒரு காலவினையடை. ‘இப்போது’, ‘உடனே’ என்பவற்றுக்கு மேல் அதற்குப் பெரிய பொருள் எதுவும் இல்லை. அந்த ஒற்றைச் சொல்லுக்காக ஹாங்காங் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றும் பிரித்தானியாவின் மிகப்பெரிய கட்டணத் தொலைக்காட்சி நிறுவனமும் 2012 முதல் 2015 வரை வழக்காடின. ஒரு சொல் எப்போது பெயராகிறது, அப்பெயர் எந்த நிலத்தில் செல்லும் என்ற இரு கேள்விகளை அவ்வழக்கு ஒருசேர எழுப்பியது.

ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனம் 2003இல் அகலக்கற்றை வழியே கட்டணத் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. 2006இல் அதன் பெயர் ‘நவ் டிவி’ எனச் சுருங்கியது. 2012 அளவில் ஹாங்காங்கின் மிகப்பெரிய கட்டணத் தொலைக்காட்சியாக அது வளர்ந்திருந்தது. அங்கே சீன எழுத்துகளுக்கு நடுவே உரோமன் எழுத்தில் நின்ற ‘நவ்’, கண்டோனிய மொழி பேசுவோருக்குக் காலம் காட்டும் சொல்லாக அல்ல, ஒரு நிறுவனத்தைச் சுட்டும் பெயராகவே பதிந்தது.

2012 மார்ச்சில் பி-ஸ்கை-பி நிறுவனம், ‘நவ் டிவி’ என்ற அதே பெயரில் பிரித்தானியாவில் இணையத் தொலைக்காட்சிச் சேவை ஒன்றைத் தொடங்கவிருப்பதாக அறிவித்தது. அடுத்த மாதமே பிசிசிடபிள்யூ தரப்பு வழக்குத் தொடுத்தது. குறியின் உரிமை அக்குழுமத்தைச் சேர்ந்த ‘ஸ்டார்பக்ஸ் ஹாங்காங்’ என்ற நிறுவனத்திடம் இருந்ததால் சட்ட நூல்களில் வழக்கு அப்பெயராலேயே அறியப்படுகிறது. காப்பி விற்கும் ஸ்டார்பக்ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வாதம் இரண்டு தூண்களின் மேல் நின்றது. முதலாவது, ஐரோப்பிய ஒன்றியத்தில் பெற்ற வணிகக்குறிப் பதிவு. ‘நவ்’ என்ற சொல்லும் அதன் நடுவிலிருந்து கதிர்போல் விரியும் கோடுகளும் சேர்ந்தது அக்குறி. உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்னால்டு 2012 நவம்பரில் அப்பதிவு செல்லாது எனத் தீர்ப்பளித்தார். ‘நவ்’ என்பது சேவை உடனடியாகக் கிடைக்கும் என்ற பண்பையே விவரிக்கிறது. விவரிக்கும் சொல்லை ஒருவருக்கு மட்டும் உரிமையாக்க இயலாது. சில கோடுகளை வரைந்து சேர்ப்பதால் சொல்லின் இயல்பு மாறிவிடாது. இதுவே தீர்ப்பின் சாரம்.

மொழியியல் நோக்கில் இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. விவரிப்புத் தன்மை ஒரு சொல்லுக்குள் நிலையாக உறைந்திருப்பதன்று. கேட்பவரின் மொழியைச் சார்ந்தது. ஹாங்காங்கில் பொருள் மங்கிப் பெயரான அதே ஒலி, இலண்டனில் மீண்டும் வினையடையாகிவிடுகிறது. பதிவேடு பார்ப்பது இலண்டன் செவியை மட்டுமே.

இரண்டாவது தூண் பதிவைச் சாராதது. ஒருவரின் நன்மதிப்பைப் பயன்படுத்தித் தன் பொருளை அவருடையதெனத் தோன்றச் செய்வதைத் தடுக்கும் பொதுச்சட்டத் தீர்வு அது. இதற்குப் பிரித்தானியாவில் நன்மதிப்பு இருந்ததாக மெய்ப்பிக்க வேண்டும். அங்கே வாழ்ந்த சீன மொழி பேசுவோரில் ஒரு சிறு தொகையினர் நவ் டிவியை அறிந்திருந்தனர் என்பதை நீதிமன்றம் ஏற்றது. சிலர் ஹாங்காங்கில் இருந்தபோது பார்த்தவர்கள். சிலர் நிறுவனத்தின் இணையதளங்களிலும் யூடியூபிலும், சில விமானங்களிலும் நிகழ்ச்சிகளைக் கட்டணமின்றிப் பார்த்தவர்கள். ஆனால் பிரித்தானியாவில் இருந்தபடி எவரும் அச்சேவைக்குச் சந்தா செலுத்த இயலாது.

2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வாதிக்கு எதிராகவே தீர்த்தது. 2015 மே 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நியூபெர்கர் பிரபு வழங்கிய ஒருமித்த தீர்ப்பு எல்லையைத் திட்டவட்டமாக வரைந்தது. புகழ் மட்டும் போதாது. அந்நாட்டு எல்லைக்குள் வாடிக்கையாளர் இருக்க வேண்டும். இணையக் காலத்தில் புகழ் எளிதில் எல்லை கடக்கும் என்ற வாதத்தையும் அவர் எடைபோட்டார். ஆனால் உள்நாட்டில் வணிகமே செய்யாத ஒருவர் ‘நவ்’ போன்ற சாதாரணச் சொல்லைக்கூடப் பிறர் பயன்படுத்தாதவாறு முடக்கிவைக்க அது வழிவகுக்கும். போட்டிக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான சமநிலை குலையும் என்று கருதினார்.

பொதுமொழியைக் காக்கும் இக்கவலை நியாயமானதே. எனினும் வென்றது பொதுமக்கள் மட்டுமல்லர். அச்சொல்லைத் தன் கடைப்பெயராக்கிக்கொண்ட மற்றொரு பெருநிறுவனமும் வென்றது. தோற்றதும் பிசிசிடபிள்யூ மட்டுமன்று. புலம்பெயர்ந்தோர் நினைவில் வாழ்ந்த ஒரு பெயர், அவர்கள் அதற்குப் பணம் செலுத்தவில்லை என்ற காரணத்தால் சட்டத்தின் கண்ணில் எடையற்றதாயிற்று. நேயர் என்பவரும் வாடிக்கையாளர் என்பவரும் வேறு வேறு ஆட்கள் என்று அத்தீர்ப்பு சொல்லாமல் சொல்கிறது.

இது தொலைதூரக் கதையன்று. 1996இல் வேர்ல்பூல் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், வெளிநாட்டுப் பெயரின் புகழ் இதழ் விளம்பரங்கள் வழியாகவும் இந்தியாவுக்குள் வந்து சேரும் என்று ஏற்றிருந்தது. 2017 டிசம்பர் 14 அன்று டொயோட்டாவின் ‘பிரியஸ்’ வழக்கில் அதே நீதிமன்றம், நவ் டிவி தீர்ப்பையும் மேற்கோள்காட்டி, இந்தியச் சந்தைக்குள் நன்மதிப்பு உண்மையில் பரவியிருந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. உலகப் புகழ்பெற்ற டொயோட்டா, இங்கே அப்பெயரை முன்னரே பதிந்திருந்த வாகன உதிரிபாக நிறுவனத்திடம் தோற்றது. இலண்டனில் புலம்பெயர் சிறுபான்மையினரின் நினைவைத் தள்ளிவைத்த அதே விதி, தில்லியில் ஓர் உள்ளூர் வணிகருக்கு அரணாயிற்று.

ஆகவே நிலவெல்லைக் கொள்கையை வலியோரின் கருவி என்றோ எளியோரின் காப்பு என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. அதன் விளைவு யார் எந்தக் கரையில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆனால் இரு கரைகளிலும் ஒன்று மாறவில்லை. ஒரு சொல்லைப் பெயராக்குவது அதைக் கேட்டுப் பழகிய செவிகள். நீதிமன்றம் எண்ணியதோ, தன் எல்லைக்குள் உள்ள செவிகளை மட்டுமே. நவ் டிவி வழக்கில் அவற்றிலும் சந்தா செலுத்தியவற்றை மட்டுமே.