உள்ளத்தைப் பற்றிய புத்தகத்தை ஏன் எரித்தார்கள்?

சில மாதங்களுக்கு முன் ஒரு வாசிப்பு வட்டத்தில் இமாம் கஸ்ஸாலியைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். பாதியிலேயே ஒரு தோழர் மறித்தார். "மனசைச் சுத்தம் பண்றதெல்லாம் வயிறு நெறஞ்சவன் வேலை தோழர். அதிகாரத்துக்கு அதால ஒரு தொந்தரவும் கிடையாது." அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வந்திருந்தால் ஒரு வருடத்தைச் சொல்லியிருப்பேன்: 1109.

அந்த ஆண்டில்தான், அல்முராவித்துகளின் ஆட்சியில் இருந்த ஸ்பெயினின் கொர்தோபா நகரத்தில், கஸ்ஸாலியின் 'இஹ்யா உலூமித்தீன்' பகிரங்கமாக எரிக்கப்பட்டது. எரிக்கச் சொன்னவர்கள் வேற்று மதத்தார் அல்லர். நகரத்தின் தலைமைக் காஜி இப்னு ஹம்தீன் முன்னின்றார், அரசன் அலீ இப்னு யூசுஃப் ஆணையிட்டான். கஸ்ஸாலி அப்போது உயிரோடுதான் இருந்தார். தொந்தரவே இல்லாத புத்தகம் என்றால் அதைக் கொளுத்த ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்?

'இஹ்யா' 40 நூல்கள் கொண்டது, பத்துப் பத்தாக நான்கு பாகம். முதல் பாகம் வழிபாடு. இரண்டாவது உணவு, திருமணம், சம்பாத்தியம் போன்ற அன்றாட நடைமுறை. மூன்றாவதும் நான்காவதும் முழுக்க 'கல்பு' எனப்படும் உள்ளத்தைப் பற்றியவை: கோபம், பொறாமை, பதவி மோகம், ஆணவம் ஒருபுறம், பொறுமை, நன்றி, அன்பு, தூய எண்ணம் மறுபுறம். இவற்றில் 28ஆவது நூல் பதவி மோகத்தையும் 'ரியா'வையும் பற்றியது. தமிழ் முஸ்லிம்கள் ரியாவை 'முகஸ்துதி' என்பார்கள். பொதுத் தமிழில் முகஸ்துதி என்றால் அடுத்தவனை அவன் முகத்துக்கு நேரே புகழ்வது. இவர்கள் வழக்கிலோ, அடுத்தவன் பார்க்கவேண்டுமென்று நல்லது செய்வது. குற்றம் இங்கே செய்பவனையே நோக்கித் திரும்பிவிடுகிறது.

எரித்ததற்குக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது முதல் நூலில் வரும் ஒரு சாதாரண அவதானிப்பு. எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் அல்லாதவரைத் தவிர வேறு மருத்துவர் கிடையாது. ஆனாலும் யாரும் மருத்துவம் படிக்கக் காணோம், எல்லோரும் ஃபிக்ஹ் என்னும் சட்டக்கல்விக்கே முண்டியடிக்கிறார்கள் என்கிறார் கஸ்ஸாலி. ஏன்? மருத்துவம் படித்தால் வக்ஃபு சொத்தும் அனாதைகளின் பணமும் காஜி பதவியும் கைக்கு வராது. மார்க்கத்தின் பெயரால் இயங்கும் ஒரு அறிவு அதிகாரத்தோடு செய்துகொள்ளும் கொடுக்கல் வாங்கலை இவ்வளவு வெளிப்படையாக எழுதினால் காஜிகளுக்குச் சுடாமல் இருக்குமா? ஆனால் எல்லா அறிஞர்களும் அந்தத் தீக்குத் தலையாட்டவில்லை. அல்மேரியா நகரத்தில் எதிர்ப்புக் குரலும் எழுந்தது.

இதை எழுதியவர் வெளியே நின்று கல்லெறிந்தவரல்லர் என்பதுதான் கவனத்திற்குரியது. 1091இல் அமைச்சர் நிஜாமுல் முல்க் அவரை பாக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவுக்குத் தலைமை ஆசிரியராக்கினார். 300 மாணவர்கள். இஸ்மாயிலிகளை மறுத்து கலீஃபா கேட்டபடி நூல் எழுதித் தந்தவரும் அவரே. 1095இல் பாடம் நடத்த வாயெடுத்தால் நாக்கு எழவில்லை. தன் கற்பித்தலின் நோக்கம் இறைவன் அல்ல, பேரும் புகழும்தான் என்று தன் வரலாற்றில் அவரே ஒப்புக்கொள்கிறார். மக்கா போவதாக ஊரிடம் சொல்லிவிட்டு சிரியாவுக்குக் கிளம்பினார். அந்தப் பொய்யையும் அவர் மறைக்கவில்லை.

நிஜாமுல் முல்க் 1092இல் கொல்லப்பட்டபின் எழுந்த அரசியல் பயமே அவரை விரட்டியது என்று சில வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். இருக்கலாம். பயமும் மனச்சாட்சியும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியாது என்று யார் சொன்னது? 1096இல் ஹெப்ரானில், நபி இப்ராஹீமின் அடக்கத்தலத்தில் நின்று மூன்று உறுதி எடுத்தார்: ஆட்சியாளர் முன் போவதில்லை, அவர்கள் பணத்தை வாங்குவதில்லை, வாதப் போரில் இறங்குவதில்லை. 1106இல் அமைச்சர் ஃபக்ருல் முல்க் வற்புறுத்த, நிஷாப்பூரில் அரசு ஆதரவு பெற்ற மதரஸாவுக்குத் திரும்பவும் பாடம் நடத்தப் போனார். இதைச் சொல்லாமல் அவரைப் புனிதராக்குவது அவருக்கே பிடித்திருக்காது.

உள்ளத்தை யார் சோதிப்பது என்ற கேள்வி இங்கே எழுகிறது. பாவமன்னிப்புக் கூண்டில் பாதிரியாரிடம் பேசவைக்கப்படும் தன்னிலையை அதிகாரத்தின் விளைபொருளாக ஃபூக்கோ காட்டினார். கஸ்ஸாலியிடம் அப்படியொரு கூண்டு இல்லை. அவர் காட்டுவது கடைக்கணக்கு. கூட்டாளியோடு காலையில் ஒப்பந்தம் பேசி ராத்திரி லாப நஷ்டம் பார்க்கும் வியாபாரியைப் போல 'நஃப்ஸ்' என்னும் தன்முனைப்போடு கணக்குப் பார்க்கச் சொல்கிறார். கூட்டாளி ஏமாற்றுவான் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் தன் குறையைக் கண்டுகொள்ள நான்கு வழி சொல்கிறார்: ஒரு ஷெய்கு, உண்மை பேசும் நண்பன், பிறரிடம் பார்க்கும் குறையைத் தன்னிடம் தேடுவது, எதிரியின் நாக்கு. முதல் வழியில் குருவின் அதிகாரம் நுழைய இடமிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் புகழ்ந்து மழுப்பும் நண்பனைவிட ஏசுகிற எதிரியால்தான் அதிகப் பயன் என்கிற இடத்தில் அந்த அதிகாரம் கலைந்துபோகிறது. எதிரிக்கு நம்மிடம் எந்தப் பட்டமும் தேவையில்லையே.

நம்முடைய இயக்கங்களில் இந்த நான்காவது வழியை நாம் அடைத்தே வைத்திருக்கிறோம். எதிரி சொன்னால் அவதூறு, தோழன் சொன்னால் துரோகம்.

ஒருமுறை உண்மை அறியும் குழு ஒன்றில் நானும் போயிருந்தேன். எரிந்த குடிசைகளைப் பார்த்தோம், அழுதவர்களிடம் குறிப்பெடுத்தோம். அறிக்கை அச்சாகிக் கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டியது கடைசிப் பக்கத்தை. கையெழுத்திட்டவர் பட்டியலில் என் பெயர் எத்தனாவது இருக்கிறது என்று பார்த்தேன். அறிக்கை உண்மையானது. அதனால் சிலருக்கு நிவாரணமும் கிடைத்தது. அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு. இந்தக் கணக்கை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தத் தோழரிடம் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சிரிப்பார். "இப்ப இதையும் எழுதி அச்சுல பேர் போட்டுக்கிட்டீங்களே தோழர்" என்பார். அதற்கும் என்னிடம் பதில் கிடையாது. ராத்திரிக் கணக்கில் அதையும் எழுதிக்கொள்கிறேன்.