குளக்கோட்டன்

குளக்கோட்டன், திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்து கந்தளாய்க் குளத்தையும் கட்டியதாக ஈழத்துத் தமிழ் நூல்கள் போற்றும் சோழ இளவரசன். குளம், கோட்டம் என்னும் இரு சொற்களால் ஆனது இப்பெயர்; கோட்டம் என்றால் கோயில். பெற்றோர் சூட்டிய பெயராக இது தோன்றவில்லை. செய்த வேலையைக் கொண்டு ஊரார் வழங்கிய காரணப்பெயராகவே கொள்ளத் தகும்.

இவன் கதையை விரிவாகச் சொல்வது கோணேசர் கல்வெட்டு. பெயர்தான் கல்வெட்டே தவிர, அது கவிராசவரோதயர் இயற்றிய நூல். தந்தை வரராமதேவன் தொடங்கிய திருப்பணியை மகன் நிறைவேற்றினான்; கோயில் தொழும்புக்குத் தானத்தாரையும் வரிப்பத்தாரையும் குடியேற்றினான்; வயல்களுக்கு நீர் வேண்டிக் கந்தளாயில் அணை கட்டினான் என்கிறது மரபு. அவனைத் துரத்தப் படை அனுப்பிய அரசி ஆடகசவுந்தரியே பின்னர் அவனை மணந்தாள் என்றும் கதை வழங்குகிறது.

இவன் காலம் இன்னும் முடிவாகவில்லை. யாழ்ப்பாண வைபவமாலை 5ஆம் நூற்றாண்டில் வைக்கிறது. கந்தளாய்க் குளமோ 7ஆம் நூற்றாண்டு மன்னன் இரண்டாம் அக்கபோதியின் பணி என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. சோழர் ஆட்சியில் கந்தளாய் இராசராசச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்டது. 1223இல் இலங்கைக்கு வந்த சோடகங்கன் என்பவனைக் குறிக்கும் வடமொழிக் கல்வெட்டொன்று திருகோணமலையில் கிடைத்துள்ளது. அவனே குளக்கோட்டன் என்பது பேராசிரியர் சி. பத்மநாதனின் முடிவு. ஒரே ஆளின் செயலைவிட, பல நூற்றாண்டுகள் குளம் வெட்டியும் கோயில் எடுத்தும் வந்தோர் நினைவு ஒரு பெயரில் திரண்டது என்று கொள்வதே பொருத்தம்.

1624இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடித்து, அதன் கற்களால் துறைமுகத்தைக் காக்கும் கோட்டையை எழுப்பினான். பிற்காலத்தில் பிரெட்ரிக் கோட்டை எனப் பெயர் பெற்ற அதன் வாயில் நிலைக்கல்லில் இரு கயல்களும், சிதைந்த தமிழ் வரிகளும் உள்ளன. முன்பு குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னர் பறங்கியர் குலைப்பர் என்பது அவ்வரிகளுக்கு ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் பொருள். எழுத்துகள் பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. கோணேசரை வழிபடச் செல்வோர் இன்றும் அந்த வாயில் வழியாகவே மலையேறுகின்றனர்.