கீறப்படாத வயிறு: குளச்சல் வட்டாரச் சுமைதாங்கிகளும் அறுவைப் பேற்றின் வரலாறும்

அறுவைப் பேறு பற்றிய பழங்கதைகள் பெரும்பாலும் பிள்ளையின் கதைகளே. ஹேமசந்திரரின் பரிசிஷ்டபர்வத்தில், நஞ்சுண்டு இறக்கும் அரசியின் வயிற்றைக் கிழித்துச் சாணக்கியர் பிந்துசாரனை எடுக்கிறார். அவளைப் பற்றி அதன்பின் பேச்சில்லை. ஷாநாமாவில் ருஸ்தமின் தாய் ரூதாபா பிழைக்கிறாள். அதற்குச் சீமுர்க் பறவையின் இறகு வேண்டியிருந்தது. சுசுருத சம்ஹிதையும், தாய் இறந்தபின் வயிற்றில் துடிப்பு தெரிந்தால் உடனே கீறிப் பிள்ளையை எடுக்கச் சொல்கிறது. கத்தி பிணத்தின் மேல்தான் வைக்கப்பட்டது.

குளச்சல் உள்ளிட்ட தென் திருவிதாங்கூரின் வழக்காறு இதற்கு மாறானது. இங்கே கதை தாயோடு நிற்கிறது. பிள்ளை பெறாமலே இறந்த சூலி இசக்கி என்ற தெய்வமாகிறாள். இடுப்பில் ஒரு பிள்ளை, சில சிலைகளில் வாயில் இன்னொன்று. வில்லுப்பாட்டுக்காரர்கள் விடிய விடியப் பாடுவது அவள் கோபத்தை. அத்துடன் அவளுக்காக வழியோரத்தில் சுமைதாங்கி நட்டார்கள்: இரண்டு கல் நிறுத்தி, மேலே ஒன்று கிடத்தியது. தலைச்சுமையோடு வருபவர் பிறர் கை இல்லாமல் இறக்கி வைக்கும் உயரம். கடற்கரையிலிருந்து மீன்கூடை சுமந்து உள்நாட்டுச் சந்தைகளுக்கு நடந்த பெண்களுக்கு அந்த உயரத்தின் அருமை தெரியும். தன் சுமையை இறக்காமல் போனவளின் ஆறுதலுக்கு ஊரார் சுமை அங்கே இறங்கியது.

இக்கற்களை நாட்டார் நம்பிக்கையின் மிச்சமாக மட்டும் படிப்பது போதாது என்பதே என் வாதம். அவை பேறுகால மரணத்தின் ஆவணங்கள். வயற்றாட்டியின் (மருத்துவச்சியின்) கைக்கு அடங்காத பேற்றில் என்ன நடந்தது என்பதற்கு அவள் எழுதி வைத்த குறிப்பு ஏதும் கிடையாது, கல் இருக்கிறது.

மருத்துவத்தின் காலவரிசையும் இந்த வாதத்துக்குப் பொருந்துகிறது. கீறிய கருப்பையைத் தையலிட்டு மூடும் முறையை மாக்ஸ் சேங்கர் 1882இல் வெளியிட்ட பிறகே தாய் பிழைப்பது எதிர்பார்க்கக்கூடிய ஒன்றானது. குளச்சலுக்கு அருகே நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது 1838இல். எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் அங்கே அறுவை மருத்துவராக வந்தது 1923இல். 1920இல் திருவனந்தபுரத்தில் மேரி பூனன் லூக்கோஸ் செய்த சிசேரியன்தான் கேரளத்தின் முதலாவது என்று குறிக்கப்படுகிறது. அவர் வயற்றாட்டிகளைப் பகைக்கவில்லை, அவர்களின் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆஸ்பத்திரிப் பேற்றின் மேலிருந்த பயத்தை உடைத்ததில் கத்தியைவிட இந்தப் பயிற்சிக்கே பங்கு அதிகம் என்பேன்.

ஒரு மறுப்பு எழலாம்: எல்லாச் சுமைதாங்கியும் சூலிக்கு நட்டதல்ல, வெறும் தருமமாக வைத்தவையும் உண்டு. உண்மை. எண்ணிக்கையைக் கொண்டு மரண விகிதம் கணக்கிட முடியாது. ஆனால் எந்த வீடு, எந்த வழி, எவர் நினைவு என்பதை அறியலாம்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பேறுகளில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. தேவைக்கு மேல் கீறுகிறோமா என்பது இன்றைய நியாயமான கேள்வி. அதைக் கேட்பவர்கள், கீற ஆளில்லாத காலத்தின் கணக்கையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு சுமைதாங்கிகளில் இருக்கிறது; சாலை அகலப்படுத்தும்போது முதலில் பெயர்வது இந்தக் கற்கள்தாம். பெயரோ கொல்லம் ஆண்டோ பொறித்தவற்றையாவது குமரி மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் ஊர்வாரியாகப் படமெடுத்துப் பதிவுசெய்ய வேண்டும்.