பாண்டாக் வடிகட்டியும் குறிப்புப் பெட்டியும்
மார்க்டவுனில் தடித்த எழுத்துக்கும் மேற்கோளுக்கும் குறியீடு உண்டு. எச்சரிக்கையைக் கட்டம் கட்டிக் காட்டத்தான் வழியில்லை. தத்துவப் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட பாண்டாக் என்ற மாற்றுக் கருவியில், லுவா நிரல்மொழியில் எழுதும் வடிகட்டிகள் அந்தக் குறையைத் தீர்க்கின்றன. 2017இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து லுவா அதனுள்ளேயே இருப்பதால் தனியாக நிறுவும் வேலை இல்லை.

எழுதுபவர் பத்திக்கு மேலும் கீழும் மும்மூன்று முக்காற்புள்ளிகளை இட்டு, மேல்வரியில் ‘வார்னிங்’ போன்ற வகுப்புப் பெயரைச் சேர்க்கிறார். பாண்டாக் ஆவணத்தை மரவடிவமாகப் பிரித்ததும், வடிகட்டி அந்தப் பெயருள்ள தொகுதியைத் தேடிப் பிடிக்கும். லாடெக் வழியாக பிடிஎஃப் என்றால் முன்னும் பின்னும் கட்டம் போடும் டிகலர்பாக்ஸ் கட்டளைகளைச் செருகும். வேர்டு என்றால் பத்திப் பாணியை ஒட்டும். டிகலர்பாக்ஸ் தொகுப்பை ஆவண முகப்பில் சேர்க்க மறந்தால் லாடெக் பிழை காட்டி நின்றுவிடும்.

எச்டிஎம்எல்லுக்குப் பெரும்பாலும் வடிகட்டியே வேண்டாம்: வகுப்புப் பெயர் அப்படியே போய்ச் சேரும், மிச்சத்தை சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும்.