பெற்றதை இழந்த குழந்தைகள்
றெற் நோய் அறியப்பட்ட வரலாறு

குழந்தை வளர்ச்சியை முன்னோக்கிய பயணமாகவே கருதுதல் மக்களின் நெடுநாள் வழக்கம். பிள்ளைத்தமிழ் பாடிய புலவரும், செங்கீரையாடிய குழந்தை பின்னர்ச் சப்பாணி கொட்டும், அதன்பின் தளர்நடையிட்டு வரும் என்னும் ஒழுங்கிலேயே பருவங்களை வகுத்தனர். ஆயின், பேசிய சொல்லை மறந்து, பற்றிய பொருளைக் கைவிட்டு, வந்த வழியே மீளுங் குழந்தைகளும் உளர். அவர்களை மருத்துவ உலகம் இனங்கண்ட வரலாறு ஒரு நோயின் வரலாறு மட்டுமன்று. தாயரின் சான்று புறக்கணிக்கப்பட்டுப் பின்னர் மெய்ப்பிக்கப்பட்ட வரலாறுமாகும்.

இவ்வரலாற்றின் தொடக்கம் வியன்னா நகரிலேயே காணப்படுகின்றது. அங்கு குறைபாடுள்ள சிறுவர்க்குக் கல்வி புகட்டிய தியோடர் ஹெல்லர் என்பார், 1908ஆம் ஆண்டில் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார். மூன்று அல்லது நான்கு வயதுவரை இயல்பாக வளர்ந்த அவர்கள், பின்னர்ப் பேச்சையும் பிற ஆற்றல்களையும் இழந்தனர். பிறவியிலேயே அறிவு குன்றியோர் வேறு, பெற்ற அறிவை இழந்தோர் வேறு என்ற வேறுபாட்டை வற்புறுத்திய பெருமை அவ்வாசிரியரைச் சாரும்.

அதே நகரில், 1954ஆம் ஆண்டில், குழந்தை வைத்தியராகிய அந்திரேயாஸ் றெற் ஒரு காட்சியைக் கண்டார். அவருடைய வைத்தியசாலையிற் காத்திருந்த தாயர் இருவரின் மடிகளில் இரு சிறுமியர் இருந்தனர். ஒருவரையொருவர் அறியாத அவ்விருவரும், ஒரே விதமாகக் கைகளைக் கழுவுவார்போல ஓயாது பிசைந்துகொண்டிருந்தனர். றெற் தமது பதிவேடுகளைப் புரட்டி, அத்தகைய சிறுமியர் வேறு சிலரையுங் கண்டறிந்தார். அவர்களைப் படமெடுத்து ஐரோப்பிய நாடுகளிற் காட்டி, ஒத்த நோயாளரைத் தேடினார். 1966இல் தம் ஆய்வை ஜேர்மன் மொழியில் வெளியிட்டார்.

அக்கட்டுரை பரவலான கவனத்தைப் பெற்றிலது. ஜேர்மன் மொழியில் அமைந்தமை ஒரு காரணம். குருதியில் அமோனியா மிகுந்திருத்தலை அவர் இந்நோயின் குறியாகக் கொண்டமையும், அது பிறரிடம் காணப்படாமையும் மற்றொரு காரணமாகும். இதற்கிடையில், சுவீடன் நாட்டு வைத்தியர் பெங்ற் ஹக்பேர்க் 1960ஆம் ஆண்டளவிலேயே இத்தகைய சிறுமியரைத் தனியாகக் கண்டறிந்திருந்தார். 1983ஆம் ஆண்டில் அவரும் பிரான்சிய, போர்த்துக்கேய வைத்தியர்களும் இணைந்து, 35 சிறுமியரைப் பற்றிய கட்டுரையை ஆங்கிலத்தில் வெளியிட்டனர். தம் பெயரைச் சூட்டிக்கொள்ள வாய்ப்பிருந்தும், முன்னவரின் பெயராலேயே நோயை அழைத்தமை ஹக்பேர்க்கின் பெருந்தகைமையைக் காட்டும்.

1954க்கும் 1983க்கும் இடைப்பட்ட 29 ஆண்டுகளில் இச்சிறுமியரின் நிலை யாது? பலர் ஓட்டிசம் உடையோர் என்றோ, பிறவியிலேயே மூளை பழுதுற்றோர் என்றோ எண்ணப்பட்டனர். ஓட்டிசத்துக்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்ற கொள்கை அக்காலத்திற் செல்வாக்குற்றிருந்தது. 1967இல் புறூனோ பெற்றல்ஹைம் வெளியிட்ட நூல் அதனை மேலும் பரப்பிற்று. "என் மகள் முன்பு பேசினாள், கையாற் கிண்ணத்தைப் பற்றினாள்" என்று கூறிய தாய், பிள்ளையை இழந்த துயரோடு பழியையுஞ் சுமந்தாள்.

அப்பழியை நீக்கியது 1999ஆம் ஆண்டு. லெபனானிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஹூடா சொக்பி என்னும் பெண் வைத்தியர், 1983இல் இந்நோயுற்ற சிறுமியொருத்தியைக் கண்டதுமுதல் இதன் மூலத்தைத் தேடினார். ஹூஸ்டன் நகரில் அவருடைய குழுவினர், எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகின் விகாரமே நோய்க்குக் காரணம் எனக் கண்டனர். பெரும்பாலும் இவ்விகாரம் வழிவழி வருவதன்று. தந்தையின் விந்துக் கலத்திலே தற்செயலாகத் தோன்றுவது. தந்தையின் எக்ஸ் நிறமூர்த்தம் மகளுக்கே செல்லுமாதலின், நோய் பெரிதும் பெண் மக்களிடமே காணப்படுகின்றது. ஏறத்தாழ 10,000 பெண் குழந்தைகளுள் ஒருவர் இந்நோய்க்கு ஆளாகின்றனர். தாயின் வளர்ப்போ தந்தையின் நடத்தையோ இதற்குக் காரணமன்று.

2007இல் எடின்பரோ நகரில் ஏட்றியன் பேர்ட் குழுவினர் மற்றோர் உண்மையை நிறுவினர். அப்பரம்பரையலகு செயலற்றிருந்த எலிகளில் அதனை மீண்டும் இயங்கச் செய்தபோது, முற்றிய நோய்க்குறிகளும் பெரிதும் மறைந்தன. நரம்புக் கலங்கள் அழிந்தொழியவில்லை. செயல் குன்றியேயிருந்தன என்பது இதனாற் புலனாயிற்று. 2023இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட முதல் மருந்து நோய்க்குறிகள் சிலவற்றைத் தணிக்குமேயன்றி, நோயை நீக்குவதன்று. இழந்தவற்றை மனிதக் குழந்தைக்கு மீட்டுக் கொடுக்கும் வழி இன்னுந் தேடப்படுகின்றது.

வரலாற்றாசிரியன் சான்றுகளைத் தேடுபவன். இவ்வரலாற்றில் முதற்சான்று நுண்காட்டியிலும் ஆய்வுகூடத்திலும் இருந்ததன்று. தாயரின் நினைவில் இருந்தது. அதனைக் கேட்கும் செவி வாய்த்தபோதே அறிவு வளர்ந்தது. வாயாத காலத்தில் குழந்தைகளோடு உண்மையும் மறக்கப்பட்டது. பிள்ளை பெற்றிருந்த திறனை இழக்கின்றதென்று ஒரு தாய் கூறுங்கால், அதனை ஆதாரமாகக் கொண்டு ஆராய்தல் வைத்தியர்க்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே உரிய கடமையாம்.