கோவில் நிலமும் பொதுக் காரியமும்

கோட்டை இருந்த ஊர் நம்முடையது. கோட்டைதான் இன்று இல்லை. 1801இல் ஊமைத்துரை தப்பிச் சென்ற கோட்டையில் ஒன்றிரண்டு துண்டுகளே மிஞ்சி நிற்கின்றன. பெயர் மட்டும் முழுதாக இருக்கிறது. இடிப்பதும் கட்டுவதும் பாளையங்கோட்டைக்குப் புதிதல்ல. 2017இல் திருநெல்வேலி மாநகரம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சேர்ந்தது முதல் மார்க்கெட், பஸ் நிலையம், சாலை என்று அந்தப் பேச்சு மறுபடி சூடு பிடித்தது. பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும்போதும் அதே பேச்சுத்தான். "ஊர் வளர வேண்டுமானால் யாராவது இடம் விடத்தானே வேண்டும்" என்பார் ஒருவர். "விடுகிறவன் எப்போதும் சின்னக் கடைக்காரன்தானா?" என்பார் மற்றவர்.

ஜூபிலி மலரில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். கோவிலும் நிலத்தின்மேல்தான் நிற்கிறது. பொதுக் காரியத்திற்கென்று கோவிலையே விட்டுக்கொடுத்த இரண்டு பங்குகளின் வரலாற்றை இங்கே தருகிறோம்.

முதலாவது அமெரிக்காவில், டெட்ராயிட் நகரில். போலந்து நாட்டிலிருந்து குடியேறியோர் மிகுந்திருந்ததால் 'போல்டவுன்' எனப்பட்ட பகுதி அது. கறுப்பின மக்களும் உடன் வாழ்ந்தனர். 1980இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி கார் தொழிற்சாலை கட்ட இடம் கேட்டது. ஏறத்தாழ 6,000 பேருக்கு வேலை என்றது. வேலையின்றித் தவித்த நகரம் உடனே ஆர்ஜித நடவடிக்கையில் இறங்கியது. சுமார் 4,200 பேர் வீடிழக்க வேண்டியதாயிற்று. ஒரு தனியார் கம்பெனிக்காக எளியவர் வீட்டைப் பறிப்பது பொதுக் காரியமாகுமா என்று மக்கள் வழக்காடினர். ஆகும் என்று 1981 மார்ச்சில் மிச்சிகன் மாநில உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அங்கிருந்த அமல உற்பவ மாதா கோவிலை மறைமாவட்டம் நகரத்திற்கு விற்றுவிட்டது. பங்குச் சுவாமியார் ஜோசப் கரசிவிச் தம் மேலதிகாரிகளுக்கு மாறாகப் பங்கு மக்களோடு நின்றார். மக்கள் ஏறத்தாழ ஒரு மாதம் கோவிலுக்குள்ளேயே தங்கிக் காவல் காத்தார்கள். அவர்களில் பலர் வயது முதிர்ந்த பெண்கள். 1981 ஜூலை 14 அன்று போலீசார் புகுந்து அவர்களை வெளியேற்றினர். சில நாட்களில் கோவில் இடிபட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அந்தக் குருவும் காலமானார்.

இதில் ஒரு விநோதம் உண்டு. அந்த நிலத்தில் யூதர்களின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருந்தது. அதை மட்டும் அசைக்க முடியவில்லை. தொழிற்சாலை வளாகத்திற்குள்ளேயே அது இன்றும் இருக்கிறது. உறவினர் வந்து பார்க்க ஆண்டில் இரண்டு நாள் கதவு திறக்கும் வழக்கம். உயிரோடிருந்தவர்கள் போய்விட, இறந்தவர்கள் தங்கிவிட்டார்கள்! 1981இல் தந்த தீர்ப்பு தவறென்று 2004இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் மாற்றிச் சொன்னது. அதனால் போல்டவுன் மக்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

இரண்டாவது நமக்கு அண்டையில், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில். புனித சவேரியார் 1544இல் ஞானஸ்நானம் கொடுத்துச் சென்ற திருவிதாங்கூர்க் கடற்கரை அது. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வழியே செல்வதால், ராக்கெட் ஏவ ஏற்ற இடமென்று 1962இல் தெரிந்தெடுக்கப்பட்டது. அங்கே புனித மகதலேனா மரியாள் கோவிலும் மீனவர் குடியிருப்பும் இருந்தன. விஞ்ஞானி விக்ரம் சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா ஆண்டகையைச் சந்தித்தார். ஆயர் தாமாக முடிவு சொல்லாமல் ஞாயிறு பூசைக்கு வரச் சொல்லி, மக்கள் முன்னிலையில் விஷயத்தை வைத்துச் சம்மதம் கேட்டார். மக்கள் 'ஆமென்' என்றனர். இதை டாக்டர் அப்துல் கலாம் பலமுறை சொல்லியிருக்கிறார். மக்களுக்கு வேறிடத்தில் வீடுகளும் புதுக்கோவிலும் எழுந்தன. 1963 நவம்பர் 21இல் பறந்த முதல் ராக்கெட் அந்தப் பழைய கோவிலுக்குள்தான் பொருத்தப்பட்டது. கோவில் இடிக்கப்படவில்லை, விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது.

கேட்க இனிமையான வரலாறுதான். எனினும் ஒன்று சொல்லியாக வேண்டும். பூசை நடுவே ஆயரே கேட்டால் மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? கடலோரத்தை விட்டுப்போன மீனவத் தாய்மார் அன்று என்ன நினைத்தார்கள் என்பதை நாம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனாலும் அங்கே கேட்டார்கள், டெட்ராயிட்டில் கேட்கவில்லை. இரண்டு பங்குகளுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

நம் நாட்டில் 1894ஆம் ஆண்டு ஆர்ஜிதச் சட்டம் சொந்தக்காரரின் சம்மதத்தைக் கேட்டதே இல்லை. 2013இல் வந்த புதுச்சட்டம், திட்டத்தால் குடிமக்களுக்கு நேரும் பாதிப்பை முதலில் ஆராய்ந்து பொது விசாரணை நடத்தவேண்டும் என்கிறது. தனியார் கம்பெனிக்கென்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம், அரசும் தனியாரும் சேர்ந்ததென்றால் 70 சதவீதம் இசைய வேண்டும். அரசின் சொந்தக் காரியத்திற்கு இசைவு தேவையில்லை. போதாததற்கு, நெடுஞ்சாலைக்கும் தொழிலுக்கும் எடுக்கும் நிலத்தைத் தமிழ்நாடு தன் தனிச்சட்டங்களின்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று 2021இல் உச்சநீதிமன்றமும் ஒப்புக்கொண்டது.

கோவில் சொத்தில் இன்னொரு சிக்கல். பட்டா பெரும்பாலும் மறைமாவட்டத்தின் பெயரில் இருக்கும்; நோட்டீசும் அங்கேதான் போகும். பெரிய சொத்தை விற்பதானால் ஆயர் நிதிக்குழுவின் சம்மதத்தையும் ஆலோசகர் குழுவின் சம்மதத்தையும் பெறவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அந்தக் குழுக்களில் பங்கு மக்கள் எத்தனை பேர்? உண்டியலில் காசு போட்டவர்களும் கல் சுமந்தவர்களும் செய்தியைக் கடைசியில்தான் அறிவார்கள்.

ஆகையால் பங்குப் பேரவையாருக்கு ஒரு விண்ணப்பம். கோவில், பள்ளி, கல்லறைத் தோட்டம் ஆகியவற்றின் சர்வே எண்களையும் எல்லைகளையும் பத்திர விவரங்களையும் ஒரு நோட்டில் எழுதி, யாரும் பார்க்கும்படி சக்ரீஸ்தில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். ஏதேனும் கடிதம் வந்தால் அடுத்த ஞாயிறே பூசைக்குப்பின் அதைத் தமிழில் வாசித்துவிடுங்கள்.