முகம் மாறாத டெஸ்க்டாப்

பிரெஞ்சு நிரலாளர் ஒலிவியே ஃபூர்தான் 1996இல் எழுதத் தொடங்கியபோது, லினக்ஸ் டெஸ்க்டாப்பான எக்ஸ்எஃப்சிஇ வெறும் பட்டைதான். திரையின் ஓரத்தில் இருக்கும், கேட்ட நிரலைத் திறந்துவிடும், அவ்வளவே. சன், எச்.பி., ஐ.பி.எம். நிறுவனங்களின் யூனிக்ஸ் கணினிகளில் அன்று சிடிஇ என்ற டெஸ்க்டாப் ஓடியது. அதற்குக் காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அதைப் போன்ற ஒன்றை லினக்ஸிலும் இலவசமாகக் கொண்டுவரத்தான் அவர் முயன்றார்.

பொத்தான்களையும் பட்டியல்களையும் வரைய அவர் பயன்படுத்திய எக்ஸ்ஃபார்ம்ஸ் கட்டற்ற மென்பொருளாக இல்லை. அதனால் ரெட் ஹாட் நிறுவனம் தன் லினக்ஸ் தொகுப்பில் எக்ஸ்எஃப்சிஇயைச் சேர்க்க மறுத்தது. ஃபூர்தான் சோர்ந்துவிடவில்லை, 1999இல் ஜிடிகே என்ற கட்டற்ற கருவித்தொகுப்பைக் கொண்டு முழுவதையும் திரும்ப எழுதி, ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் 3.0 என வெளியிட்டார். 2003இல் 4.0 வந்தது. 2007இல் 4.4, பெனடிக்ட் மோய்ரர் எழுதிய துனார் என்ற கோப்பு மேலாளர் அதில்தான் சேர்ந்தது. நாம் இன்று பார்க்கும் முகம் ஏறக்குறைய அப்போதே அமைந்துவிட்டது.

2011இல் ஜினோம் என்ற மற்றொரு லினக்ஸ் டெஸ்க்டாப்பின் மூன்றாம் பதிப்பு வந்து, பழகிய பட்டையையும் மெனுவையும் எடுத்துவிட்டது. கை பழகிய இடத்தில் பொத்தான் இல்லையென்றால் யாருக்குத்தான் கோபம் வராது? லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே எக்ஸ்எஃப்சிஇக்கு மாறினார். (பின்னாளில் ஜினோமுக்குத் திரும்பியும் விட்டார்.)

ஆனால் இதன் பயணத்தில் நான் மிகவும் மதிப்பது ஒரு நீண்ட மௌனத்தை. 2015 பிப்ரவரியில் 4.12 வந்தது, அடுத்த 4.14க்கு 2019 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நான்கரை ஆண்டுகளில் ஒவ்வொரு உறுப்பையும் ஜிடிகே 3க்கு மாற்றினார்கள். பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர்களின் உழைப்பு அது. அடித்தளமே மாறியும், புதிய பதிப்பைத் திறந்தவருக்கு எதுவும் இடம் மாறியதாகத் தோன்றவில்லை. கடிதம் அடிக்கவும் மின்கட்டணம் கட்டவும் கணினியைத் திறப்பவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது? நேற்று கற்றதை இன்று மறந்துவிட்டுப் புதிதாகப் பழகச் சொல்லவில்லை.

எளிமை என்றதும் பலர் வெறுமையான திரையையும் அழகான பின்னணிப் படத்தையும் நினைக்கிறார்கள். அது ஒப்பனை. இங்கே எளிமை கட்டுமானத்தில் இருக்கிறது: பட்டை, ஜன்னல் மேலாளர், கோப்பு மேலாளர் எல்லாம் தனித்தனி நிரல்கள். வேண்டாததைக் கழற்றிவிடலாம், மற்றவை ஓடும், நினைவகமும் மிச்சமாகும். பழைய மடிக்கணினிக்கு இதைப் போடச் சொல்வது அதனால்தான். ஆனால் பிரௌசரில் இருபது பக்கங்களைத் திறந்துவைத்தால் எந்த டெஸ்க்டாப்பாலும் நினைவகத்தைக் காப்பாற்ற முடியாது.

2024 டிசம்பரில் வந்த 4.20, திரையில் ஜன்னல்களைக் காட்டும் புதிய முறையான வேலண்டில் சோதனை முறையில் ஓடத் தொடங்கியது. பட்டையும் துனாரும் பெரும்பாலும் அதற்கு மாறிவிட்டன. ஜன்னல் மேலாளர் மட்டும் அந்தப் பதிப்பிலும் எக்ஸ்11 என்ற பழைய முறையை விட்டு நகரவில்லை. அதன் இடத்தில் லேப்டபிள்யூசி போன்ற வேறொரு ஜன்னல் மேலாளரைக் கடன் வாங்கித்தான் வேலண்டில் ஓட்ட வேண்டியிருந்தது.